பைன் மரத்தில் மருந்து இருக்கிறதா? ஏற்காடு போய் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில், ஏற்காடு சாலையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முன்பெல்லாம் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் மாத்திரை கேட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் சும்மா விடுமா? இப்போது கையில் ஒரு கொத்து ஊசியிலை, செல்பேசியில் ஒரு காணொளி, கூடவே ஒரு சந்தேகம் என்று வருகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஏற்காட்டில் பறித்தது சார். பைன் இலைதானே இது?

பெரும்பாலும் இல்லை. கடைக்கு வரும் கொத்துகளில் முதலிடம் சவுக்குக்கு. சவுக்கின் ஊசி இலையே அல்ல. பச்சையான மெல்லிய கிளை. இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பொடிப் பற்களாகத் தெரிபவைதான் அதன் இலைகள். இரண்டாமிடம் நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கும் அரகேரியாவுக்கு. தென் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது, பைனுக்கு வேறு குடும்பம். அதில் குக் பைன் என்ற வகை உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து வளர்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஊரில் என்றால் தெற்கே சாயும். அடுத்த முறை பங்களா வாசல்களில் கவனித்துப் பாருங்கள்.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக நட்டு, மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் நெட்டை மரத்தைப் பைன் என்று நினைத்துப் படமெடுத்து வருகிறவர்களும் உண்டு. அது சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். அதன் இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். கஷாயம் போடும் யோசனையே வேண்டாம்.

உண்மையான பைனில் ஊசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. வகையைப் பொறுத்து இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள் ஒரே அடியிலிருந்து கிளம்பும். பெரும்பாலான வகைகளில் அந்த அடியை மெல்லிய காகிதத் தாள் சுற்றியதுபோல ஓர் உறை இருக்கும். காய் கட்டையாக இருந்து, செதில் செதிலாக விரியும்.

அப்படியானால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பைனே கிடையாதா?

இயற்கையாகக் கிடையாது. இங்கே மட்டுமல்ல, தென்னிந்தியா முழுவதிலும் பைன் தானாக முளைத்த காடு இல்லை. தீபகற்பத்தின் சொந்த ஊசியிலைக் குடும்பத்து மரம் என்று சொல்ல மேற்குத் தொடர்ச்சி மலையில் நாகேயா வாலிச்சியானா என்ற ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கும் அகலமான இலை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பைன் காடுகள் மனிதர் நட்டவை. அவற்றில் அதிகம் காணப்படும் பைனஸ் பாடுலாவுக்குப் பூர்வீகம் மெக்சிகோ. ஏற்காட்டில் ஒரு பைன் நின்றால் அதுவும் யாரோ அழகுக்காக வைத்ததாகத்தான் இருக்கும்.

இந்தியாவின் சொந்தப் பைன்கள் இமயமலைச் சரிவிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன. சிர் பைன், நீலப் பைன், சில்கோசா, காசிப் பைன் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 

சரி, அந்த மரத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

உறுப்புக்கு உறுப்பு வேறு சரக்கு. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

தண்டைக் கீறினால் வடிவது பிசின். அதைக் காய்ச்சி வடித்தால் இரண்டாகப் பிரியும். ஆவியாகி வருவது டர்பன்டைன். தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு. அடியில் தங்கிக் கண்ணாடியாக உறைவது ரோசின். டர்பன்டைனில் ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன், லிமோனீன், கரீன் போன்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. பைன் வாசனை என்று நாம் சொல்வது இவற்றைத்தான். ரோசினில் அபியெடிக் அமிலமும் அதன் உறவுகளும் உள்ளன. பட்டையில் இருப்பவை புரோசயனிடின்கள். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களுக்கு நெருங்கிய உறவு. ஊசியில் வாசனை எண்ணெயும், வைட்டமின் சியும், சிறிதளவு ஷிகிமிக் அமிலமும் உண்டு. கொட்டையில் பினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. கட்டையைக் காகிதக் கூழாக்கும்போது மிதந்து வரும் எண்ணெயில் தாவர ஸ்டெரால்கள் கிடைக்கின்றன. ஆகவே 'பைன் உடம்புக்கு நல்லதா' என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. எந்தப் பகுதி, எந்தப் பொருள், எவ்வளவு என்று கேட்டால் பேசலாம்.

மரம் எதற்காக இதையெல்லாம் செய்கிறது?

தன்னைக் காத்துக்கொள்ளத்தான். பட்டையைத் துளைக்கும் வண்டு உள்ளே வந்தால் பிசின் பாய்ந்து அதை மூழ்கடிக்கும். டர்பன்டைன் ஆவியாகிப் போக, ரோசின் இறுகிக் காயத்தை அடைத்துவிடும். வண்டையும் பூஞ்சையையும் கொல்ல மரம் வைத்திருக்கும் சரக்கு நமக்கு மட்டும் பாலாகவும் பழமாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

நம் வீட்டில் யாரும் பைனைப் பயன்படுத்தியதே இல்லையே, திடீரென்று எதற்கு இது?

தினமும் பயன்படுத்துகிறீர்கள். பூசைத் தட்டில் எரியும் கற்பூரம் பெரும்பாலும் பைன் டர்பன்டைனிலிருந்து செய்தது. ஆல்ஃபா பைனீனைக் கேம்ஃபீனாக மாற்றி, அதை ஐசோபோர்னியோலாக்கி, கடைசியில் கற்பூரமாக்குகிறார்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் உலகின் கற்பூரத்துக்குப் பெரும் ஊற்று தைவானின் கற்பூர மரங்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கைச் செய்யக் கற்பூரம் தேவைப்பட்ட காலம் அது. தைவானைத் தன் கையில் வைத்திருந்த ஜப்பான் 1899இல் அந்த வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது. விலை ஏறியதும் ஐரோப்பிய வேதியியலாளர்கள் டர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்யும் வழியைத் தேடிப் பிடித்தார்கள். கோட்டை மாரியம்மனுக்குக் காட்டும் தீபாராதனைக்கும் அந்தப் போட்டிக்கும் இப்படி ஒரு தொடர்பு.

தரை துடைக்கும் வெள்ளைப் பினாயிலின் வாசனையும் பைன் எண்ணெயினுடையதுதான். அதில் கிருமியைக் கொல்லும் முக்கியப் பொருள் டெர்பினியோல். கருப்புப் பினாயில் வேறு, அது நிலக்கரித் தாரிலிருந்து வருவது. தலைவலித் தைலங்களின் உறையைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 'தார்பின் தைலம்' என்று இருக்கும். அதுவும் டர்பன்டைன்தான்.

பச்சைக் கற்பூரமும் பைனில் இருந்து வருவதா? அதைப் பொங்கலில் போடுகிறோமே?

பச்சைக் கற்பூரம் கற்பூர மரத்தின் கட்டையை வடித்து எடுப்பது. மூலக்கூறு ஒன்றேதான். ஆனால் ஆலையில் செய்த பூசைக் கற்பூரத்தில் அந்த மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்கள் இரண்டும் கலந்திருக்கும். மரத்தில் ஒரு வடிவம்தான். சமையலுக்கு அது முக்கியமல்ல. பூசைக் கற்பூரம் உணவுத் தரத்துக்காகச் செய்யப்படுவதில்லை என்பதுதான் முக்கியம். அதை வாயில் போடக் கூடாது.

பச்சைக் கற்பூரமும் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கடுகளவுதான். கற்பூரம், எந்த மரத்தில் இருந்து வந்தாலும், அதிகமானால் வலிப்பை வரவழைக்கும்.

குழந்தைக்குச் சளி கட்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவலாமா அண்ணா?

இரண்டு வயதுக்குள் வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தெரியும். குழந்தையின் தோல் மெல்லியது, கற்பூரம் அதன் வழியாக உள்ளே போகும். தடவிய கையைக் குழந்தை வாயில் வைக்கும். சின்னக் குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. வீட்டில் காய்ச்சும்போது எத்தனை வில்லை போட்டோம் என்று யாரும் எடை பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் உள்ள பூச்சுகளை விற்க அனுமதியே இல்லை.

பெரிய குழந்தைகளுக்குக் கடைத் தைலத்தை மார்பிலும் முதுகிலும் மெல்லிசாகத் தடவலாம். மூக்கின் உள்ளே, மூக்கின் அடியில் தடவக் கூடாது. மூக்கு திறந்துவிட்டதாகத் தோன்றுவது நரம்புக்குக் கிடைக்கும் குளிர்ச்சி உணர்வு. அடைப்பு அங்கேயேதான் இருக்கும். கற்பூரக் கட்டியைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழையுங்கள்.

தைலத்தில் டர்பன்டைன் இருக்கிறது என்கிறீர்கள். பெயின்ட் கடை டர்பன்டைனையே மூட்டு வலிக்குத் தேய்த்தால் மலிவாக முடியுமே?

பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பைனையே பார்த்திராத சரக்கு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் கரைப்பான். மினரல் டர்பன்டைன் என்று பெயர். தோலின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சி வெடிக்க வைக்கும், வலிக்கு ஒன்றும் செய்யாது.

நிஜமான டர்பன்டைனையும் அப்படியே தேய்க்கக் கூடாது. மருந்தகத்தில் விற்கும் டர்பன்டைன் லினிமென்டில் அது சோப்பும் கற்பூரமும் தண்ணீரும் சேர்ந்து நீர்க்கப்பட்டிருக்கிறது. அது தோலை லேசாக எரிச்சலூட்டி, அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உள்ளே இருக்கும் வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. தேய்மானத்தைச் சரிசெய்வதில்லை. இந்தியச் சிர் பைன் டர்பன்டைனில் கரீன் அதிகம். காற்றுப் பட்டு நாளானால் கரீன் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. பழைய ஓவியர்கள், வண்ணம் பூசுகிறவர்களின் கைகளில் வந்த சொறிக்கு இது ஒரு முக்கியக் காரணம். புண், வெட்டு, படை உள்ள இடத்தில் லினிமென்டும் கூடாது.

சர்க்கரைக் கட்டியில் சில சொட்டு டர்பன்டைன் விட்டுச் சாப்பிட்டால் குடல் புழுவெல்லாம் செத்துவிடுமாமே?

இந்தக் கேள்விக்கு மட்டும் குரலை உயர்த்திவிடுகிறேன். டர்பன்டைன் விஷம். வயிற்றை எரிக்கும், நரம்பு மண்டலத்தை மங்க வைக்கும், சிறுநீரகத்தைப் புண்ணாக்கும். விழுங்கும்போதோ வாந்தியின்போதோ ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் வெந்துபோகும். சிறு குழந்தைகள் ஒரு மேசைக்கரண்டி அளவில் இறந்திருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு முன் புழுவுக்குக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அன்று இன்றைப் போல் பாதுகாப்பான மருந்துகள் இல்லை. இன்று அல்பென்டசோல் அரசுப் பள்ளிகளில் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது.

ஒரு விநோதம்: டர்பன்டைன் உடம்பில் ஏறியவர்களின் சிறுநீர் வயலட் பூவின் மணம் வீசும். பழைய நச்சியல் நூல்கள் இதை ஓர் அடையாளமாகவே பதிவு செய்திருக்கின்றன. நல்ல மணம் வந்தால் நல்லது நடக்கிறது என்று பொருளல்ல.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி சிறுநீரகக் கல்லுக்குப் பைன் எண்ணெய் கேப்சூல் சாப்பிடுகிறான். நீங்கள் விஷம் என்கிறீர்களே?

அவர் சாப்பிடுவது அநேகமாகப் பைனீன், கேம்ஃபீன், போர்னியோல், சினியோல் முதலியவற்றை மில்லிகிராம் கணக்கில் அளந்து அடைத்த ஒரு கூட்டு மருந்து. பல நாடுகளில் நெடுங்காலமாக விற்பனையில் இருக்கிறது. சிறிய கற்கள் வெளியேற உதவுகிறது என்று சில சிறு பரிசோதனைகள் சொல்கின்றன. ஆனால் முந்தைய பதிலில் சிறுநீரகத்தைப் புண்ணாக்கும் என்று சொன்ன அதே குடும்பப் பொருள்கள்தான் இவை. அளவு மாறினால் வேலை மாறுகிறது. ஆகவே கேப்சூலில் இருக்கிறது என்பது டப்பாவில் இருப்பதைக் குடிக்க அனுமதி ஆகாது.

சேலத்து வெயிலில் கல் வராமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதே முதல் வழி. பங்குனி, சித்திரையில் கல் வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

பைன் இலை டீ குடிக்கலாமா? வைட்டமின் சி அதிகமாமே?

வைட்டமின் சி இருப்பது உண்மை. 1535-36 குளிர்காலத்தில் கனடாவில் பனியில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியேயின் ஆட்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பூர்வகுடி மக்கள் ஓர் ஊசியிலை மரத்தின் இலையும் பட்டையும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் காப்பாற்றினார்கள். அது எந்த மரம் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது சோவியத் மக்கள் பைன் ஊசியின் சாற்றைத்தான் ஸ்கர்விக்கு மருந்தாகச் செய்தார்கள்.

இரண்டுமே வேறு எதுவும் முளைக்காத பனிக்கால நெருக்கடிகள். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியெங்கும் கூடையில் கொய்யா விற்கிறது. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. அதைத் தாண்டிப் போய் இலையைக் கொதிக்க வைப்பானேன்? வாசனைக்காக ஒரு கோப்பை, அதுவும் மரம் பைன்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், ஆரோக்கியமான பெரியவர் குடிப்பதில் பெரிய தவறில்லை. அடையாளம் தெரியாத இலை என்றால் வேண்டவே வேண்டாம். காரணம் கீழே, தாளிசபத்திரிக் கேள்வியில் வருகிறது.

அந்த டீ தடுப்பூசியின் பக்கவிளைவை முறிக்கும் என்று 2021இல் வாட்ஸ்அப்பில் வந்ததே? அதில் ஏதோ சுரமின் இருக்கிறதாம்.

பைனில் சுரமின் இல்லை. எந்தச் செடியிலும் இல்லை. ஜெர்மனியின் பேயர் நிறுவன வேதியியலாளர்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் சாயப் பொருள்களை ஒட்டிய ஆராய்ச்சியில் செயற்கையாக உருவாக்கிய மருந்து அது. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுப்பது. அதையும் நரம்பில்தான் ஏற்ற வேண்டும். குடித்தால் குடல் உறிஞ்சாது. ஆக, இலையில் இருந்திருந்தாலும் டீயாகப் பயன்பட்டிருக்காது.

இதே செய்தியின் இன்னொரு வடிவம் ஷிகிமிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டது. ஃப்ளூ காய்ச்சலுக்கான ஓசெல்டமிவிர் மருந்தை ஷிகிமிக் அமிலத்திலிருந்து தயாரிக்கிறார்கள், ஆனால் அதற்குப் பல வேதியியல் படிகள் தேவை. அமிலம் மட்டும் வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்கான ஷிகிமிக் அமிலமும் பெருமளவு வந்தது பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில் இருந்துதான். பிரியாணி சாப்பிட்டால் ஃப்ளூ வராது என்று யாரும் செய்தி அனுப்பவில்லை.

நான் நான்கு மாதம். பைன் டீ, பைன் எண்ணெய் ஏதாவது?

எதுவும் வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் பொன்டரோசா பைனின் ஊசிகளைத் தின்ற சினைப் பசுக்கள் கன்று வீசியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஐசோகுப்ரெசிக் அமிலம் என்ற பொருள் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. மனிதர்களிடம் யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. வெள்ளைப் பினாயில் போட்டுத் தரை துடைத்த வாசனைக்குப் பயப்பட வேண்டாம்.

பைன் பட்டைக் கேப்சூல், பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் விலை. வாங்கலாமா?

தென்மேற்குப் பிரான்சின் கடலோரப் பைன் பட்டையிலிருந்து எடுத்த சாறு இது. அதில் 65 முதல் 75 சதவீதம் புரோசயனிடின்கள் இருக்குமாறு தரப்படுத்தியிருப்பார்கள். ஆய்வகத்தில் இது நன்றாகவே நடந்துகொள்கிறது. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது, ரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கால் வீக்கம் என்று எல்லாவற்றுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். ஒரே பொருள் பத்து நோய்க்கு என்றால் என் கை தானாகவே பணப்பெட்டியை மூடிவிடும்.

மருத்துவ ஆதாரங்களைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2020இல் இதை அலசியது. பத்து நாள்பட்ட நோய்கள், 27 பரிசோதனைகள், மொத்தம் 1,641 பேர். ஒவ்வொரு நோய்க்கும் ஆட்கள் குறைவு, பரிசோதனைகளின் தரமும் போதவில்லை. பயன் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுக்கு வர இயலாது என்பதே அவர்கள் தீர்ப்பு. வேலை செய்யாது என்று நிரூபணமானதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த விலைக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் உறுதி வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் தட்டிக் கழிக்கிறீர்களே. பைனிலிருந்து வந்ததில் எதற்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது?

ஒன்றுக்கு இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. காகித ஆலையில் பைன் கட்டையைக் கூழாக்கும்போது மிதக்கும் எண்ணெயில் ஸ்டெரால்கள் இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அவற்றுக்கு ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்டனால்கள். பின்லாந்தில் 1995இல் இதைச் சேர்த்த மார்ஜரின் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு அங்கே நடந்த பரிசோதனையின் முடிவும் வெளியானது. அதன் பிறகு பல நாடுகளில் மறுபடி மறுபடி சோதித்துவிட்டார்கள்: நாளுக்கு ஏறத்தாழ 2 கிராம் எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதம் குறைகிறது.

இதில் மாயம் இல்லை. ஸ்டனாலும் கொலஸ்ட்ராலும் உருவில் ஏறக்குறைய ஒன்று. குடலில் கொலஸ்ட்ராலுக்கு உரிய இடத்தை ஸ்டனால் பிடித்துக்கொள்ள, கொலஸ்ட்ரால் உடம்பில் சேராமல் வெளியே போகிறது. ஸ்டனாலும் பெரிதாக உள்ளே போவதில்லை. இருந்தாலும் இரண்டு செய்திகள். ஸ்டாடின் மாத்திரையின் குறைப்பு இதைவிடப் பல மடங்கு. அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறக் கூடாது. அத்துடன் கொலஸ்ட்ரால் குறைவது நிரூபணமானதே தவிர, இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததாக நேரடிப் பரிசோதனை எதுவும் காட்டவில்லை. பட்டைக் கேப்சூலுக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் காகித ஆலை மிச்சத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜிம்மில் பைன் மகரந்தம் சாப்பிடச் சொல்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறதாம்.

இருக்கிறது தம்பி. ஸ்காட்ஸ் பைனின் மகரந்தத்தில் அளந்திருக்கிறார்கள். பத்து கிராமில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. உன் உடம்பு ஒரு நாளில் தானே சுரப்பது அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. வாய்வழியாகப் போகும் டெஸ்டோஸ்டிரோனைக் கல்லீரல் பெருமளவு உடைத்தும் விடும். முட்டை வாங்கிச் சாப்பிடு.

சில்கோசா சாப்பிட்டேன். அடுத்த நாளிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வாய் கசக்கிறது. கல்லீரலில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இமாசலத்தின் கின்னோரில் விளையும் சில்கோசா நீளமாக இருக்கும். உலகச் சந்தையில் வேறு பைன் கொட்டைகளும் புழங்குகின்றன. சீனாவின் பைனஸ் அர்மாண்டி என்ற வகையைச் சாப்பிட்ட சிலருக்கு ஓரிரு நாளில் வாயில் உலோகக் கசப்பு தொடங்கி ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும், பிறகு தானே மறையும். எந்தப் பொருள் காரணம் என்று இன்னும் பிடிபடவில்லை. மிச்சத்தைச் சாப்பிடாமல் வைத்துவிடுங்கள். கசப்போடு கண் மஞ்சளாகவோ சிறுநீர் அடர்நிறமாகவோ இருந்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

லீ பஜாரில் குங்கிலியம் வாங்கினேன். அது பைன் பிசினா? புகை போட்டால் சளி போகுமா?

குங்கிலியம் குங்கிலிய மரத்தின் பிசின். வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம் என்று வேறு மரங்களுடையவையும் உண்டு. எதுவும் பைன் அல்ல. சித்த மருத்துவத்தின் குங்கிலிய வெண்ணெய்க்குப் பைன் ரோசினை மாற்றாகப் போடக் கூடாது. ரோசின் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. சிலருக்கு மருந்துப் பட்டியை ஒட்டிய இடம் சிவந்து தடிப்பதற்கு அதன் பசையிலுள்ள ரோசின் காரணமாக இருக்கலாம்.

புகையைப் பொறுத்தவரை, எந்தப் பிசின் எரிந்தாலும் நுரையீரலுக்கு அது எரிச்சல்தான். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஈயப்பற்று வைக்கும்போது எழும் வெள்ளைப் புகை ரோசினுடையது. தொழில்முறை ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். பழைய பஸ் நிலையத்துப் பக்கம் அந்தச் சிறு கடைகளில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பையன்களுக்கு ஒரு சிறு விசிறியாவது வேண்டும்.

தாளிசபத்திரி, தேவதாரு எல்லாம் பைன்தானே? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதே?

தேவதாரு பைன் குடும்பம்தான், ஆனால் பைன் அல்ல, இமயமலைச் சீடர். தென்னாட்டில் அதற்குப் பதிலாகச் செம்புளிச்சான் கட்டையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. அது நம் வறண்ட மலைகளின் சிறு மரம், பைனுக்கு எந்த உறவும் இல்லை.

கவலைப்பட வேண்டியது தாளிசபத்திரியைப் பற்றி. இருமலுக்கான தாளிசாதி சூரணத்தில் சேர வேண்டியது இமயமலை ஃபர் மரத்தின் இலை. அதே பெயரில் யூ மரத்தின் இலையும் சந்தையில் புழங்கி வந்திருக்கிறது. யூவின் இலையில் டாக்சின் (taxine) என்ற நச்சு உண்டு. இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். காய்ந்து நொறுங்கிய நிலையில் இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். சூரணம் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற தயாரிப்பை, சித்த மருத்துவர் சொன்ன அளவில் வாங்குங்கள். இலையாக வாங்கி நீங்களே இடிக்க வேண்டாம்.

யூ மரத்திலிருந்துதானே புற்றுநோய் மருந்து வருகிறது? அப்புறம் விஷம் என்றால்?

பாக்லிடாக்சல். அமெரிக்காவின் பசிபிக் யூ மரத்துப் பட்டையில் கண்டறிந்து, 1971இல் மூலக்கூறின் அமைப்பை வானி, வால் இருவரும் வெளியிட்டார்கள். 1992இல் சூலகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஒரு நோயாளிக்குப் பல மரங்களின் பட்டையை உரிக்க வேண்டியிருந்ததால், பிறகு ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து தொடங்கிப் பாதி வேதியியல் முறையில் செய்யக் கற்றார்கள். டாக்சின் வேறு, பாக்லிடாக்சல் வேறு. ஒரே இலையில் இரண்டும் இருக்கலாம். கஷாயம் போட்டால் இதயத்தைத் தாக்கும் டாக்சின் தாராளமாக இறங்கும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத பாக்லிடாக்சல் அப்படி இறங்காது. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, ஆனால் பதில் மாறாது.

ஏற்காட்டுக் காற்றிலேயே பைன் மருந்து கலந்திருக்கிறதாம். அங்கே நடந்தாலே நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாமே?

பைன் காடே இல்லாத மலையில் பைன் காற்று எங்கிருந்து வரும்? இந்தப் பேச்சு ஜப்பானிலிருந்து வந்தது. 1982இல் அந்நாட்டு வனத்துறை மக்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்து 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டுக் குளியல், என்று பெயரிட்டது. பிறகு சிங் லீ என்ற மருத்துவ ஆய்வாளர், காட்டில் சில நாள் கழித்தவர்களின் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல்பாடு கூடியதைக் காட்டினார். மரங்கள் வெளிவிடும் பைனீன் போன்ற ஆவிகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால் அவை பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள். விடுமுறை, நடை, தூக்கம், அலுவலகத் தொல்லை இல்லாமை எல்லாம் சேர்ந்தே வந்தன. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

ஏரியைச் சுற்றியோ பகோடா முனைப் பக்கமோ நடங்கள், அதற்கு மரத்தின் சான்றிதழ் தேவையில்லை. 1,500 மீட்டர் உயரம், மார்ச் மழைக்குப் பின் காப்பி பூத்திருக்கும் மணம், கீழே கொதிக்கும் சேலத்திலிருந்து சில மணி நேர விடுதலை. ஆஸ்துமாக்காரர்கள் மட்டும் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். குளிர்ந்த காற்றும் பூந்தூளும் மூச்சைப் பிடிக்கலாம்.

வாசலில் நட்ட கிறிஸ்துமஸ் மரத்தை வெட்டினோம். தழையைச் சினை மாட்டுக்குப் போடலாமா?

முதல் பதிலில் சொன்னபடி அது பைன் அல்ல. பொன்டரோசா பைனின் கதையை அப்படியே அதன் மேல் ஏற்ற முடியாது. ஆனால் சினை மாட்டுக்குப் பழக்கமில்லாத ஊசியிலை எதையும் போட வேண்டாம். சோளத் தட்டு இருக்கும்போது எதற்கு? கிளைகளைக் காய வைத்து அடுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிசின் கையில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.